அறுபது மைக்ரான் பள்ளம்

என் வீட்டுக்காரர் வியாழக்கிழமைதோறும் தன் முதல் மனைவியைப் பார்க்கப் போவார். அவள் செத்து ஏழு வருஷம் ஆகிறது. செத்தவளைப் பார்த்து என்ன பொறாமை என்று என் தங்கச்சி கேட்பாள். அவளுக்கென்ன, அவள் புருஷனுக்கு ஒரே மனைவி, அதுவும் உயிரோடு இருக்கிறாள். என் நிலைமை அப்படி இல்லை.

அவிநாசி ரோட்டில் இருக்கும் குரலகத்தில் ஐந்தாவது மாடி, முப்பத்தொன்றாவது அலமாரி, எட்டாவது தட்டு. அதுதான் சாருமதியின் விலாசம். சாவதற்கு முந்தின ஆறு மாதமும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அவள் பேசியதையும் நினைத்ததையும் பதிவு செய்து ஒரு பிராசஸரில் ஏற்றியிருக்கிறார்கள். ஒரு ஆளுக்கு ஒரு பிராசஸர்தான். நகல் எடுக்கக் கூடாது, வேறு இடத்துக்கு மாற்றக் கூடாது என்பது சட்டம். முன்பு யாரோ ஒரு மகராசன் தன் அப்பாவைப் பதினாறு நகல் எடுத்துப் பதினாறு கடையில் கல்லாவில் உட்கார வைத்த பிறகு வந்த சட்டம் அது. அந்தப் பிராசஸர் கெட்டுப்போனால் ஆளும் போச்சு.

கல்யாணத்துக்கு முன்னால் என்னையும் அங்கே கூட்டிப்போனார்கள். இரண்டாம் தாரமாகப் போகிறவள் மூத்தவளிடம் ஆசீர்வாதம் வாங்க வேண்டும் என்பது வழக்கம். முன்பெல்லாம் போட்டோவுக்கு முன்னால் விழுந்து எழுந்தால் வேலை முடிந்துவிடும். போட்டோ பதில் சொல்லாது. இவள் சொன்னாள். நான் குனிந்து பாதி கூட ஆகவில்லை, "நல்லா இருங்க, தீர்க்காயுசா இருங்க, அவருக்கு வெண்டைக்காய் ஆகாது" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டாள். அக்கா என்று கூப்பிடச் சொல்லி மாமியார் என் தோளை இடித்தார். எனக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

நான் வேலை பார்ப்பது குறிச்சி சிட்கோவில், ஹீட்சிங்க் செய்கிற கம்பெனி. பிராசஸரின் தலைமேல் உட்கார்ந்து அதன் சூட்டை வாங்கி வெளியே விடுகிற செம்புக் கட்டிக்குத்தான் ஹீட்சிங்க் என்று பெயர். மேல்பக்கம் சீப்புப் பல் மாதிரி தகடுகள் நிற்கும், அடிப்பக்கம் மட்டமாக இருக்கும். அந்த அடிப்பக்கம் நிஜமாகவே மட்டமா என்று பார்ப்பது என் உத்தியோகம். எஃகு ஸ்கேல் ஒன்றின் கத்தி விளிம்பை அடியில் வைத்து, பின்னால் விளக்கைப் பிடித்துப் பார்ப்போம். விளிம்புக்கும் செம்புக்கும் நடுவே வெளிச்சம் கசிந்தால் அங்கே பள்ளம் என்று அர்த்தம். அதில் தேறியதை மஞ்சள் விளக்கடியில் வைத்து, மேலே வட்டக் கண்ணாடியை உட்கார வைத்தால் வரிவரியாகக் கோடுகள் தெரியும். கோடு நேராக ஓடினால் மட்டம். வளைந்தால் கோணல். மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு கோடு அளவுக்கு வளைந்தால் மைக்ரானில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை, அதையும் நான் சொல்லிவிடுவேன். தேறிய உருப்படியின் ஓரத் தகட்டில் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைப்போம். பரிசோதிக்கிற ஒவ்வொருத்திக்கும் ஒரு நிறம் உண்டு. என் நிறம் மெரூன்.

பதினொரு வருஷமாக இதே வேலை. கோணலைப் பார்த்துப் பார்த்து என் கண் வீட்டிலும் சும்மா இருப்பதில்லை. வியாழக்கிழமைகளில் அவர் வீட்டுக்கு வருகிற முகத்தைப் பார்த்தாலே எனக்கு எங்கேயோ வெளிச்சம் கசிகிற மாதிரி இருக்கும். போகும்போது ஏதோ கணக்குத் தெரியாத பிள்ளை மாதிரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு போவார். வரும்போது தெளிவாக வருவார். வந்தவுடன் எனக்கு ஏதாவது நல்லது செய்வார். ஒரு வியாழக்கிழமை என் யூனிஃபார்மை எல்லாம் எடுத்து இஸ்திரி போட்டார். இன்னொரு வியாழக்கிழமை பூதக்கண்ணாடி பொருத்திய மேஜை விளக்கு ஒன்று வாங்கி வந்து, கண்ணைச் சுருக்கிப் படிக்காதே என்றார். திங்கட்கிழமை என் அண்ணனைப் பற்றிச் சொன்ன ஒரு சொல்லுக்கு வியாழக்கிழமை மன்னிப்புக் கேட்டார். புருஷன் காரணமில்லாமல் நல்லவனாக இருந்தால் என்ன அர்த்தம்? அங்கே கொஞ்சிவிட்டு வந்த குற்றத்துக்கு இங்கே லஞ்சம் கட்டுகிறார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். விளக்கைத் தூக்கிப் பரண்மேல் வைத்தேன்.

நாற்பது நிமிஷம் அவளோடு என்ன பேசுகிறீர்கள் என்று ஒரு தடவை கேட்டும் பார்த்தேன். சும்மா வீட்டு விஷயம் என்றார். எந்த வீட்டு விஷயம் என்று நான் கேட்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது, அதில் ஒளிவுமறைவு எதற்கு.

குரலகத்தின் ஹீட்சிங்க்குகளை வருஷத்துக்கு ஒரு முறை கழற்றி, சூடு கடத்துகிற பழைய பேஸ்டைத் துடைத்து, அடிப்பக்கத்தைப் பரிசோதித்து, புதுப் பேஸ்ட் தடவி மாட்டுவது எங்கள் கம்பெனியின் பொறுப்பு. அதற்கு ஒரு மணி நேரம் பிராசஸரை அணைக்க வேண்டும். எந்த நாளில் அணைப்பது என்று முதலில் பெரிய ரகளையே நடந்ததாம். கடைசியில் குடும்பத்தார் எல்லாரும் சேர்ந்து திதியன்றுதான் அணைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு மணி நேரம்தான் செத்தவர் உண்மையிலேயே இல்லாத நேரம், அப்போது வைக்கிற பிண்டம்தான் போய்ச் சேரும் என்று ஐயரும் ஒரு விளக்கம் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். திதி தெரியாதவர்களுக்கெல்லாம் மகாளய அமாவாசையன்று. அன்று எங்களுக்குச் சாப்பிடக் கூட நேரம் இருக்காது.

சாருமதிக்கு ஆவணி தேய்பிறை சஷ்டி. அந்த வருஷம் அன்றைக்கு முறை என்னோடு பரிசோதிக்கிற வெண்ணிலாவுக்கு விழுந்திருந்தது. பல்வலி என்று சொல்லி வேறொரு நாளை அவளுக்குக் கொடுத்து, சஷ்டியை நான் வாங்கிக்கொண்டேன். பல்வலிக்கும் முறை மாற்றுவதற்கும் என்ன சம்பந்தம் என்று அவள் யோசிக்கவில்லை, நல்லவள்.

முந்தின நாள் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் நவ்ஷாத் பாயிடம் போய் உட்கார்ந்தேன். குரலகத்தில் கழற்றி மாட்டுவது அவர்தான். இருபது வருஷமாகச் செத்தவர்களோடு பழகிப் பழகி, உயிரோடு இருப்பவர்களிடமும் மெல்லவே பேசுவார்.

"ஹீட்சிங்க் சரியா உக்காரலைன்னா அவங்களுக்கு என்ன ஆகுமுங்க பாய்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஆகாதும்மா. எண்பது டிகிரி தாண்டுச்சுன்னா சிப்பு தானா வேகத்தக் கொறச்சுக்கும். நாம சித்திரை வெயில்ல நடந்தா மெதுவா நடக்கறதில்லீங்களா, அது மாதிரி. பேச்சு இழுக்கும். ஒரு கேள்வி கேட்டா பதிலுக்குக் காத்திருக்கோணும்."

"அலாரம் அடிக்காதுங்களா?"

"தொண்ணூறுலதான் அடிக்கும்."

அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

கழிவுத் தட்டில் நிறைய உருப்படிகள் கிடக்கும். மெஷினில் பிடிக்கும்போது வைஸ் என்கிற பிடியை இறுக்கி முடுக்கிவிடுவார்கள். இறுக்கத்தில் சீவும்போது எல்லாம் மட்டமாகத்தான் தெரியும். கழற்றிக் கீழே வைத்ததும் செம்பு தன் இஷ்டத்துக்குத் திரும்பி, நடுவில் குழிந்துவிடும். அதில் ஒவ்வொன்றாக எடுத்து அளந்தேன். நாற்பது மைக்ரான் பள்ளம் போதாது. தொண்ணூறு மைக்ரான் பள்ளம் அலாரத்தை அடித்துவிடும். அறுபதில் ஒன்று அகப்பட்டது. ஓரமெல்லாம் ஒட்டும், நடுவில் மட்டும் ஒட்டாது. பிராசஸரின் சூடு முழுவதும் நடுவில்தான் இருக்கும். நான் என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரியும். சிவப்பு மார்க்கரில் போட்டிருந்த பெருக்கல் குறியைத் தின்னரால் துடைத்துவிட்டு, மெரூன் பொட்டு வைத்தேன். பதினொரு வருஷத்தில் என் பொட்டு பொய் சொன்னது அன்றுதான்.

மறுநாள் என் வீட்டுக்காரர் வீட்டில் திதிக்கு இலை போட்டு உட்கார்ந்திருந்த நேரத்தில் நாங்கள் முப்பத்தொன்றாவது அலமாரிக்கு முன்னால் நின்றோம். அணைப்பதற்கு முன் மூன்று தடவை சம்மதம் கேட்க வேண்டும், அதுவும் சட்டம். பாய் கேட்டார். மூன்று தடவையும் பாய் வாய் மூடுமுன் சரிங்க சரிங்க என்றாள் அவள். பழைய ஹீட்சிங்க்கைக் கழற்றிக் கொடுத்தார். ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி மட்டமாக இருந்தது. வளைஞ்சிருச்சுங்க பாய், மாத்திரலாம் என்று என் பையிலிருந்து பள்ளத்தை எடுத்துக் கொடுத்தேன். பொட்டைப் பார்த்தார், மாட்டினார். பாய்க்கு என் பொட்டின்மேல் அவ்வளவு நம்பிக்கை.

இனி அவள் ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் முக்கி முனகுவாள், இவர் இரண்டு வாரத்தில் சலித்துப்போவார், பிறகு வியாழக்கிழமை சினிமாவுக்குப் போகலாம் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன்.

அந்த வியாழக்கிழமை அவர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சாருவுக்கு என்னமோ ஆயிருக்குது தாரணி" என்றார்.

எனக்குள் மத்தாப்பு கொளுத்தியது போல இருந்தது. முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"நிதானமாப் பேசறா. உசுரோட இருந்தப்ப அவ அப்படித்தான். ஒண்ணு கேட்டா ஜன்னலப் பாப்பா, பொடவத் தலைப்பச் சுருட்டுவா, அப்பறந்தான் பதில் வரும். அந்த மிஷினுக்குள்ள போனதுல இருந்து அது இல்லாமப் போயிருச்சு. நான் கேள்விய முடிக்கறதுக்குள்ள பதில் வந்து விழுகும். பேங்குல பேசற மாதிரி இருக்கும். இன்னைக்குத்தான் அவ பேசறாப்புல இருந்துச்சு."

சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. கல்யாணமாகி நாலு வருஷத்தில் அந்தக் கண்ணை அப்படி நான் பார்த்ததில்லை. நான் எழுந்து போய் சாதத்தில் ரசத்துக்குப் பதில் தண்ணீரை ஊற்றினேன்.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமையும் போனார். அதற்கடுத்த வாரம் செவ்வாய்க்கிழமையும் சேர்ந்துகொண்டது. எனக்கு எந்த நல்லதும் நடக்கவில்லை. யூனிஃபார்ம் கசங்கியே கிடந்தது. சாப்பிடும்போது என் பேச்சுக்கு ம் கொட்டுவதற்குக் கூட ஆள் அங்கே இல்லை. ஐப்பசி பிறப்பதற்குள் இரண்டு தடவை என்னைச் சாரு என்று கூப்பிட்டுவிட்டார். இரண்டு தடவையும் அவருக்கு அது தெரியவே இல்லை. நான் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன், உண்மைதான். அப்பா கூட என்னை ரேடியோ என்பார். அதற்காக மெதுவாகப் பேசிப் பார்த்தேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

செய்ததைத் திருப்புவது என்று முடிவு செய்தேன். மனசாட்சி உறுத்தியது என்று சொன்னால் பொய். அந்த வேகமான சாருமதி எனக்குத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். நல்ல செம்பில் ஒரு உருப்படியை எடுத்து, மூன்று நாள் நானே லேப்பிங் தட்டில் தேய்த்தேன். எட்டுப் போடுவது போலச் சுற்றிச் சுற்றி, கை கடுக்க. மஞ்சள் விளக்கடியில் வைத்தபோது கோடுகள் நோட்டுப் புத்தகத்துக் கோடு மாதிரி நேராக ஓடின. அவ்வளவு மட்டமான அடியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. மறுபரிசோதனை என்று ஒரு சீட்டு எழுதிக்கொண்டு, புதன்கிழமை மத்தியானம் குரலகம் போனேன். பாய்க்கு மூன்றாவது மாடியில் வேலை இருந்தது. நீயே கழற்றிக்கோம்மா, ஆனா மூணு தடவ கேக்க மறந்துறாதே என்று திருப்புளியைக் கொடுத்து அனுப்பினார்.

அலமாரிக் கதவைத் திறந்தால் முகத்தில் அனல் அடித்தது. தட்டின் ஓரத்தில் சின்ன எழுத்தில் எண்பத்தொன்பது என்று காட்டியது.

"ஹீட்சிங்க் கம்பெனியில இருந்து வந்திருக்கறேன். ஹீட்சிங்க் மாத்தோணும். அணைக்கலாமுங்களா?" என்றேன்.

பதில் வரவில்லை. காற்றாடி மட்டும் இரைந்தது. கெட்டுவிட்டதோ என்று நான் குனிந்தபோது குரல் வந்தது.

"தாரணிதானுங்களே."

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"ஒரு வார்த்தை முடியறதுக்குள்ள... அடுத்த வார்த்தை ஏறிக்கும்னு... அவரு சொல்லியிருக்கறாரு."

என் பேச்சைப் பற்றி இவளிடம் என்ன பேச்சு என்று எனக்குச் சுர்ரென்று வந்தது. அதைக் கேட்டும்விட்டேன். அவள் மறுபடி வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். அந்த இடைவெளியில் ஓர் ஆள் உட்கார்ந்து யோசிப்பது போலவே இருந்தது. அதுதான் அவருக்குப் பிடித்திருக்கிறது என்று அப்போது புரிந்தது.

"உங்களப் பத்தி மட்டுந்தான் பேச்சு. கல்யாணம் ஆனதுல இருந்து... இந்த ஆவணி வரைக்கும். தாரணி ஏன் கோவமா இருக்கறா, தாரணிக்குக் கண்ணு வலிக்குது என்ன பண்றது, தாரணியோட அண்ணனப் பத்தி ஒரு வார்த்தை விட்டுட்டேன் எப்படிச் சரி பண்றது. நான் டக்கு டக்குன்னு சொல்லீருவேன். இஸ்திரி போட்டுக் குடுங்க. விளக்கு வாங்குங்க. மன்னிப்புக் கேளுங்க."

பரண்மேல் தூசி படிந்து கிடக்கும் விளக்கு நினைவுக்கு வந்தது. நாலு வருஷமாக அந்த நாற்பது நிமிஷமும் என்னுடையதாக இருந்திருக்கிறது. அதைப் போய் நான் அறுபது மைக்ரான் பள்ளத்தில் போட்டுப் புதைத்திருக்கிறேன். என் முட்டாள்தனத்தை நினைத்து அங்கேயே என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"உங்களுக்குக் கஷ்டமா இல்லீங்களா, அதெல்லாம் கேக்கறதுக்கு?" என்றேன்.

"அப்ப இல்ல. கஷ்டம் வர்றதுக்குள்ள பதில் போயிரும். இப்பத்தான்... நடுவுல நேரம் கெடைக்குது. எல்லாந் தெரியுது. உங்க மேல எனக்கு அவ்வளவு பொறாமைன்னு இப்பத்தான் தெரிஞ்சுது."

என்னைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்படுவாள் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. கொஞ்சம் சந்தோஷமாகக் கூட இருந்தது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை.

"எனக்கு வெளிய ஒண்ணும் தெரியாது. என் சூடு மட்டுந் தெரியும். திதிக்கு முன்னால அறுபத்திரண்டு. அப்பறம் எண்பத்தொம்பது" என்றாள். பிறகு நிறுத்தி, "தெரிஞ்சுதான் வெச்சீங்களா?" என்று கேட்டாள்.

ஆமாங்க என்றேன். செத்தவளிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. இந்தச் சூட்டில் சிப்பு எத்தனை நாள் தாங்கும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். அவள் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள். அறுபத்திரண்டில் ஓடினால் நாற்பது வருஷம். எண்பத்தொன்பதில் ஓடினால் இரண்டு. அதற்குமேல் ஒரு மாதம் கூடத் தாங்காது. மந்தமாக்கத்தான் நினைத்தேன், கொல்ல நினைக்கவில்லை. பையைத் திறந்து புது ஹீட்சிங்க்கை எடுத்து, இப்போதே மாற்றிவிடுகிறேன், ஒரு மணி நேரம்தான் ஆகும், இது கோணலே இல்லாதது, நானே தேய்த்தது என்று படபடவென்று சொன்னேன்.

"மாத்தாதீங்க" என்றாள். உடனே சொன்னாள், அது ஒன்றை மட்டும் யோசிக்காமல் சொன்னாள். "வேகமா இருந்தப்ப நான் பேசிட்டுத்தான் இருந்தேன், தாரணி. இப்பத்தான் இருக்கறேன். ரெண்டு வருஷம் போதும்."

அவளே தொடர்ந்தாள்.

"ஆனா உங்க வாழ்க்கை அது. மூணு தடவ கேக்கோணுமில்லீங்களா, கேளுங்க. மூணு தடவயும் சரின்னு சொல்லீர்றேன். எனக்குக் கோவம் இருக்காது. வேகமானதுக்கப்பறம்... அதுக்கு நேரமும் இருக்காது."

அணைக்கலாமுங்களா என்று கேட்டேன். சரிங்க என்றாள். இரண்டாவது தடவை கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்துச் சரிங்க என்றாள். மூன்றாவது தடவைக்கு வாயைத் திறந்தேன். ரேடியோ என்று பெயர் வாங்கியவளுக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ, அவளும் அவசரப்படுத்தவில்லை. போய்ட்டு வர்றேனுங்க அக்கா என்று சொல்லி அலமாரியைச் சாத்தினேன். கீழே வந்து பாயிடம் திருப்புளியைக் கொடுத்தபோது முடிஞ்சுதா என்று கேட்டார். எல்லாம் மட்டமா இருக்குதுங்க பாய் என்றேன். அது இரண்டாவது பொய்.

வீட்டுக்கு வந்தபோது அவர் சமையலறைத் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக அவர் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. நான் அவருக்கு எதிரே உட்கார்ந்து, ஹீட்சிங்க்கைப் பையிலிருந்து எடுத்து நடுவில் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். வெண்ணிலாவிடம் முறை மாற்றியதிலிருந்து, தின்னரால் துடைத்தது வரை, மூன்றாவது தடவை வாய் வராமல் திரும்பியது வரை. விளக்கு விஷயத்தையும் சொன்னேன். நடுவில் எங்கேயும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் சொல்லியிருக்கமாட்டேன்.

அவர் கையில் பாதி உரித்த வெங்காயம் அப்படியே இருந்தது.

"அவளக் கொல்லப் பாத்தியா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. மந்தமாக்கப் பாத்தேன்."

அவர் எழுந்து போய்க் குழாயடியில் வெகுநேரம் கை கழுவினார். என்னை அடிப்பார் என்றோ, வீட்டை விட்டுப் போகச் சொல்வார் என்றோ எதிர்பார்த்தேன். இரண்டுக்கும் நான் தயாராகத்தான் இருந்தேன். திரும்பி வந்து மறுபடி எதிரே உட்கார்ந்தார். செம்புக் கட்டியைத் தூக்கி, அடிப்பக்கத்தில் விரலால் தடவிப் பார்த்தார். இத மாட்டுனா எத்தன வருஷம் இருப்பா என்று கேட்டார். நாற்பது என்றேன். பழைய மாதிரியா என்றார். பழைய மாதிரித்தான், கேள்வி முடியறதுக்குள்ள பதில் வரும் என்றேன். மாட்டலைன்னா என்றார். இரண்டு என்றேன்.

பிறகு அவர் ஜன்னலைப் பார்த்தார். நான் காத்திருந்தேன். எனக்கு எப்படியும் சாதகமாக ஒரு பதில் வரும் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை. இரண்டே வருஷத்தில் அவளை இன்னொரு தடவை சாகக் கொடுக்க எந்த மனுஷனுக்கு மனம் வரும்? முதல் தடவை அவள் போனபோது இந்த ஆள் பதினோரு மாதம் வேலைக்குப் போகாமல் கிடந்தவர் என்று மாமியார் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நாற்பது வருஷம் என்று சொல்வார். நாளைக்கே போய் மாட்டிவிடலாம்.

ஹீட்சிங்க்கை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"ரெண்டு வருஷம் போதும் தாரணி" என்றார்.

அவள் சொன்ன அதே மூன்று வார்த்தை. அவள் அப்படிச் சொன்னதை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை, வேண்டுமென்றே விட்டிருந்தேன். அவர் வாயிலிருந்து நாற்பது என்று வந்தால், அவளுடைய இரண்டைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று வைத்திருந்தேன். ஒருத்தி செத்து ஏழு வருஷம் ஆகிறது, இன்னும் ஒருவரை ஒருவர் கேட்காமல் ஒரே பதிலைச் சொல்கிறார்கள். என் அருமையான கண் பதினொரு வருஷமாகப் பார்த்த எந்தக் கண்ணாடியும் எந்தச் செம்பும் அப்படி ஒட்டி உட்கார்ந்ததில்லை.

நான் அரிவாள்மனையை இழுத்துப் போட்டு வெங்காயத்தை அரிய ஆரம்பித்தேன். அவரும் மிச்சத்தை உரித்துக் கொடுத்தார். நாளைக்கு வியாழக்கிழமை, நீயும் வர்றியா என்று கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார். வர்றேன் என்றேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு வெங்காயம் கையில் இருந்தது வசதியாகப் போயிற்று.

அவளுக்கு இரண்டு வருஷம் போதும். அவருக்கும் இரண்டு வருஷம் போதும். எனக்கு எத்தனை வருஷம் வேண்டும் என்று இரண்டு பேரில் ஒருத்தரும் கேட்கவில்லை.